கூடாது சித்தப்பா

ஒரு நாய்க்குட்டியைப் பலர் கூடி வளர்க்கும் இல்லங்களில், குட்டி வந்த மறுநாளே ஒரு சட்டநிபுணர் தாமாகவே அவதரித்துவிடுகிறார். விதிகள் யாவும் அவர் இயற்றியவை. அவற்றை மீறும் உரிமையையும் அவர் பிறருக்கு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் அந்த ஸ்தானத்தை அலங்கரித்துவருபவர் சித்தப்பா.

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள எங்கள் மாந்தோப்புக் காவலுக்கென்று, 45 நாள் நிரம்பிய ராஜபாளையம் ஜாதிக் குட்டி ஒன்றை வாங்கி வந்தோம். பால் போன்ற மேனியும் ரோஜா நிற மூக்குமாக அது கூடையிலிருந்து தலை நீட்டியபோது, “2005ஆம் வருஷமே தபால்தலையில் ஏறிய ஜாதி இது; கண்டபடி வளர்க்கலாகாது” என்று பிரகடனம் செய்த சித்தப்பா, அன்றிரவே ஒரு சாசனம் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டினார். நாளொன்றுக்கு நான்கு வேளை ஆகாரம், இடையில் ஒரு பருக்கையும் கூடாது, வெங்காயம் கூடாது, வெந்த கோழியெலும்பு சிம்பு சிம்பாய் உடைந்து குடலைக் கிழிக்குமாதலால் அதுவும் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளுக்கொரு சொல்லால் ஏவிக் குட்டியின் புத்தியைக் குழப்பவே கூடாது.

கடைசி விதி முதல் நாளே காலமாயிற்று. “உட்கார்” என்றார் சித்தப்பா. “குத்தவையி” என்றார் காவல்காரர். பிள்ளைகள் “சிட்” என்றார்கள். சித்தியோ, “ஏ, சும்மா கிட” என்பதோடு நிறுத்திக்கொண்டாள். குட்டி, நான்கு பாஷையும் கற்ற பண்டிதனைப் போல, எதற்கும் உட்காராமல் எல்லோரையும் அன்போடு நோக்கியது.

ஆயினும் அது ஐயந்திரிபறக் கற்ற சொல் ஒன்று உண்டு. அந்தி மயங்கும் வேளையில் சித்தப்பா தார்சாவில் சாய்வு நாற்காலியை விரித்து, வேட்டி மடிப்பில் நாலைந்து முறுக்கோடு சாய்ந்திருப்பார். குட்டி வந்து முழங்காலில் மோவாயை வைக்கும். உடனே, அடுக்களைக்குக் கேட்க வேண்டிய அளவுக்குக் குரலை உயர்த்தி, “கூடாது! சொன்னால் கேட்கமாட்டாயா? கூடாது!” என்று அவர் கர்ஜித்துக்கொண்டிருக்கையிலேயே, நாற்காலியின் மறுபுறம் இடக்கை மெல்லத் தாழும், அதன் நுனியில் அரை முறுக்கு இருக்கும், சிறிது நேரத்துக்கெல்லாம் வால் தரையைப் பெருக்கும் ஓசையன்றி வேறோர் ஓசையும் எழாது.

1904இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி பாவ்லாவ், ஓர் ஓசையை எழுப்பி அதன்பின் உணவிட்டு, நாளடைவில் ஓசை கேட்ட மாத்திரத்தில் நாய்களுக்கு வாயூறும்படி செய்தார் என்று படித்திருக்கிறோம். அவருக்கு ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. சித்தப்பாவுக்குச் சாய்வு நாற்காலியே போதுமானதாயிருந்தது.

அதன் பலன் விரைவில் வெளிப்பட்டது. தம் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்த குட்டியைக் கண்டு காவல்காரர் “கூடாது!” என்று அதட்ட, அது செருப்போடு துள்ளி ஓடிவந்து, அவர் காலடியில் அதை வைத்து, நாவில் நீர் சொட்ட அவரது இடக்கையையே உற்றுப் பார்த்தது. பிறகு எங்கள் ஒவ்வொருவரிடமும் அதே சொல்லைச் சொல்லிப் பரீட்சித்தோம்; ஒவ்வொருவரின் இடக்கையையும் அது பக்தியோடு தரிசித்தது.

“ஐயா, நீங்களும் ஒரு தடவை சொல்லிப் பாருங்க” என்றார் காவல்காரர், வெகு விநயமாக.

சித்தப்பா இடக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “யாரோ குட்டியின் பழக்கத்தைக் கெடுத்திருக்கிறார்கள், நானே விசாரிக்கிறேன்” என்றார். விசாரணை இன்றுவரை முடியவில்லை.

தீபாவளியன்று எல்லோரும் வரிசையாய் அமர்ந்திருக்க, அதிரசத் தட்டோடு சித்தி வந்தாள். சித்தப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. அவர் இலையருகே நின்று, “உங்களுக்கு இது கூடவே கூடாது” என்று ஊரறிய உரைத்தவள், சொல்லி முடிக்குமுன்னரே அரை அதிரசத்தைப் பிட்டு இலையோரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

அச்சொல் காதில் விழுந்ததும் இரண்டு முகங்கள் ஆவலோடு நிமிர்ந்தன. ஒன்று வாசற்படியிலிருந்த குட்டியுடையது. இரண்டே மாதத்தில் அது தேறிய பாடத்தை, பன்னிரண்டு வருஷமாக வேறொருவரும் அவ்வீட்டில் படித்து வருகிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.