காற்றுப் பையைத் தைத்தவர் யார்? ஒரு முதற்கட்ட ஆய்வு

ஹோமரின் ஒடிசியில் காற்றுகளை அடைத்துவைத்த தோல்பையை யார் தைத்தார் என்ற கேள்வியை அறிஞர் உலகம் நெடுங்காலமாகத் தட்டிக் கழித்துவருகிறது. எழுப்பியவர் சாமானியர் அல்லர்; நிழலை அளந்து பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட எரட்டோஸ்தனிஸ். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்துக்குத் தலைவர். பை தைத்தவரைக் கண்டுபிடித்த பிறகு ஒடிசியஸ் அலைந்த இடங்களைத் தேடலாம் என்று அவர் சொன்னதாகப் பண்டைப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். மற்றவர்கள் இதைக் கேலி என்று விட்டுவிட்டார்கள். நாம் இதை ஆய்வுத் திட்டமாகவே கொள்கிறோம்.

முதலில் பை. ஒன்பது வயது எருதின் தோல். வாயைக் கட்டியது வெள்ளிக் கயிறு. மேற்குக் காற்று நீங்கலாகப் புயற்காற்றெல்லாம் உள்ளே. தோலை உரித்தவன் காற்றுகளின் காவலன் ஏயோலஸ், முடிச்சுப் போட்டு ஒடிசியஸிடம் கொடுத்தவனும் அவனே. தையல் பற்றி மட்டும் காவியம் வாய் திறக்கவில்லை. கூலி கொடுத்தானா என்பதற்கும் சான்றில்லை. கொல்லன் பட்டறைத் துருத்திகூடச் சில வருடத்தில் எங்காவது ‘புஸ்’ என்னும். இந்தப் பையோ ஒன்பது நாள் கடலில் கிடந்தும் ஒரு மூச்சுக் கசியவில்லை. பத்தாம் நாள் சொந்த ஊர்க் கரையில் எரியும் நெருப்பே தெரிந்தது. ஒடிசியஸ் தூங்கிப்போனான். உள்ளே பொன்னும் வெள்ளியும் இருக்கும் என்று கூட்டாளிகள் பையைத் திறந்தார்கள். அவிழ்ந்தது முடிச்சு, தையல் பிரியவில்லை. ஆகவே தைத்தவர் குற்றமற்றவர் என இக்கட்டுரை தீர்ப்பளிக்கிறது.

முன்னோடி ஆய்வாளர்கள் தைத்தவரைத் தேடும் இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேரே கப்பலேறிவிட்டார்கள். ஒடிசியஸின் ஊரான இத்தாக்காவைத் தேடி அகழ்வாய்வாளர் ஸ்லீமன் 1868இல் இன்றைய இத்தாக்காத் தீவில் தோண்டினார். தொல்லியலாளர் டோர்ப்ஃபெல்ட், அது லெஃப்கடாத் தீவுதான் என்றார். 2005இல் ராபர்ட் பிட்டில்ஸ்டன், செஃபலோனியாவின் பாலிக்கி மூலை என்று புத்தகமே போட்டார். ஒடிசியஸ் போன வழியைத் தேடி விக்டர் பெரார் 1912இல் ஒரு புகைப்படக்காரரையும் கூட்டிக்கொண்டு மத்தியதரைக் கடலைச் சுற்றிவந்தார். கவிஞர் பைரனோ வேறொரு கிரேக்கக் கதையைப் பிடித்தார்; அதில் காதலியைப் பார்க்க லியாண்டர் நீந்திய ஹெலஸ்பான்ட் நீரிணையை 1810 மே 3 அன்று தானும் நீந்திக் கடந்தார். லியாண்டர் மூழ்கிப்போனான்; தனக்குக் குளிர்காய்ச்சல் மிஞ்சியது என்று பைரன் கவிதையிலேயே புலம்பிவைத்தார்.

இவர்களில் ஒருவராவது வீட்டில் உட்கார்ந்து முடிவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. எல்லா ஐயங்களும் நல்ல வெயிலும் நீலக் கடலும் உள்ள இடங்களிலேயே எழுந்திருப்பது தற்செயல் என்று நம்ப நமக்கு மனம் வரவில்லை. புராணத்தில் ஐயம் வந்ததால் பயணமா, பயணத்துக்காக வந்த ஐயமா என்பது தனிக் கட்டுரைக்குரியது.

நம் நோக்கமோ தூயது. ஏயோலஸின் தீவைப் பண்டையோர் சிசிலிக்கு வடக்கே லிப்பாரித் தீவுகளில் வைத்துப் பார்த்தார்கள். தையற்காரரின் வழித்தோன்றல்களை அங்கே தேட நிதியுதவி கோரி விண்ணப்பம் தயாராகிறது. காலம்: மே முதல் செப்டம்பர் வரை. கடலில் குளிக்கத் தோதான பருவம் என்பதால் அல்ல. தோல் காய வெயில் வேண்டும்.