இருப்பில் இல்லாத சாவி

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளின் இயற்பியல் ஆய்வகங்களில் ஒரு கருவி படுத்துவிட்டால் அதற்குக் காரணம் பெரும்பாலும் அக்கருவியன்று. அதன் விலையில் நூற்றில் ஒரு பங்குகூடப் பெறாத, பெயர் சொல்லிக் கேட்டால் கடைக்காரரே விழிக்கிற ஒரு திருகோ, கம்பியோ, சாவியோதான்.

மின்தடைப் பெட்டியையே எடுத்துக்கொள்ளலாம். அதன் மேற்பலகையில் வரிசையாகப் பதித்த பித்தளைக் கட்டைகளுக்கு இடையே துளைகளும், அவற்றில் செருகப் பித்தளைச் சாவிகளும் உண்டு. சாவி உள்ளே இருக்கும்வரை மின்னோட்டம் அதன் வழியே எளிதாகக் கடந்துவிடும், உருவிவிட்டாலோ அடியிலுள்ள கம்பிச்சுருளின் வழியாகச் சுற்றிக்கொண்டு போக நேரும். ஆகவே 5 ஓம் சாவி ஏதோ ஒரு மாணவரின் சட்டைப்பையில் வீடு போய்ச் சேர்ந்த நாள்முதல், அடைபடாத கடனைச் சுமக்கும் குடும்பத்தைப் போல, அப்பெட்டி எல்லாக் கணக்கிலும் அந்த ஐந்தைச் சுமந்துகொண்டே திரியும். பக்கத்துப் பெட்டியின் சாவியை இரவல் வாங்கலாமே என்றால், ஒவ்வொரு சாவியும் தன் துளையில் இறுகப் பொருந்துமாறு கூம்பாகக் கடையப்பட்டிருப்பதால், இரவல் சாவி ஆடும். ஆடுகிற இடத்தில் பாடநூலில் இல்லாத புதிய மின்தடை ஒன்று பிறக்கும். சாக்லேட்டின் ஜரிகைத் தாளைச் சுருட்டித் திணிக்கும் மரபும் உண்டு. அம்மரபு செய்முறைத் தேர்வு முடியும்வரை தாக்குப்பிடிக்கும்.

பள்ளிக் கருவிகளுக்குப் பேர்போன ஊர் அரியானாவின் அம்பாலா. அங்கிருந்து சரக்கு வரவழைக்கும் உள்ளூர் விற்பனையாளரோ, "சாவி மட்டும் வராது சார், பெட்டியாத்தான் வரும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

மீட்டர் சமனச்சுற்றின் கதை வேறு. அதன் ஒரு மீட்டர் மாங்கனின் கம்பி, அதாவது தாமிரமும் மாங்கனீசும் சிறிது நிக்கலும் கலந்த உலோகக் கலவைக் கம்பி, மாணவர்கள் ஜாக்கி என்னும் தொடுசாவியைத் தொட்டுத் தூக்காமல் தேய்த்தே இழுப்பதால் ஆங்காங்கே மெலிந்து அறுந்துவிடும். மின்சாமான் கடையில் எளிதாகக் கிடைப்பது தாமிரக் கம்பி. அதன் மின்தடை எண் மாங்கனினுடையதைவிட ஏறத்தாழ 25 மடங்கு குறைவு என்பதால், அதைக் கட்டிய மறுநிமிடமே மின்கலம் குறுக்குச்சுற்றில் மாட்டியதுபோல் களைத்துப் போகும்.

இந்நிலையில் உதிரி உறுப்புகளுக்கு நம்பத்தகுந்த ஒரே களஞ்சியம் செத்த கருவிகளே. ஆனால் இருப்புப் பதிவேடு கருவிகளை எண்ணுமேயன்றி உறுப்புகளை எண்ணாது. பயனற்றவை எனக் கழிவு செய்தால் அவை சாவிகளோடும் திருகுகளோடும் ஏலத்துக்குப் போய்விடும். எனவே விவரமறிந்த ஆய்வக உதவியாளர், உள்ளே ஒன்றுமே மிஞ்சாத கால்வனாமீட்டரைக்கூடப் பதிவேட்டில் நல்ல நிலையில் உள்ளதாக வாழவைத்து, அலமாரியின் அடித்தட்டில் பூட்டி வைக்கிறார். தணிக்கையில் இது குற்றமாகலாம். ஆய்வகம் நடப்பதென்னவோ இதனால்தான்.

விலைப்புள்ளி கேட்காமலே கிடைக்கும் உதிரி உறுப்பும் ஒன்று உண்டு. நிறமாலைமானியின் தொலைநோக்கியில், பிம்பத்தின் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கக் கண்ணருகு லென்சுக்கு முன்னால் குறுக்காகக் கட்டப்படும் மெல்லிழைகள் அறுந்தால், அவ்விடத்தில் சிலந்தி இழையைக் கட்டலாம். அமெரிக்க வானியலாளர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் 18ஆம் நூற்றாண்டிலேயே தம் தொலைநோக்கியில் இதைச் செய்தார். சீரான, எளிதில் அறாத அவ்விழையை நம் ஆய்வகச் சிலந்திகள் ஆண்டு முழுவதும் இலவசமாக நூற்றுக்கொண்டிருக்கின்றன. புறத்தேர்வாளர் வருவதற்கு முந்தின நாள், தலைமையாசிரியரின் ஆணைப்படி, மூலை விடாமல் ஒட்டடை அடிக்கப்படுகிறது.