எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) என்ற நரம்பு நோய் ஆய்வுக்கு நிதி வாங்குவது எப்படி?

‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்தவரின் குடும்பமும் பிழைப்பும்’ என்று தலைப்பு வைத்தால் உங்கள் விண்ணப்பம் கட்டின் அடிக்குப் போய்விடும். ‘மரபணு’ என்று ஒரு சொல்லைச் சேருங்கள். எலி இருந்தால் இன்னும் நல்லது. எலிக்குக் கூலி, கல்யாணம், கடன் எதுவும் கிடையாது.

அடுத்தது ‘நோயாளிகள் எத்தனை பேர்?’ என்ற கட்டம். கொழிஞ்சாம்பாறைக்காரர் கோயம்புத்தூருக்குப் போவார், குமுளிக்காரர் தேனிக்கோ மதுரைக்கோ போவார். ஆள் கேரளத்தில், ஸ்கேன் தமிழ்நாட்டில். கணக்கு இல்லாததால் நிதி இல்லை, நிதி இல்லாததால் கணக்கு இல்லை. இதை மட்டும் விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் தேடிப் பார்க்கலாம் என்பீர்கள். இந்த நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தலைகாட்டும், பெண்களுக்கே அதிகம். மூணாறிலும் பீர்மேட்டிலும் கொழுந்து கிள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு. கால் மரத்துப்போகிறது, கண் மங்குகிறது என்று எவள் உங்கள் படிவத்தில் கையெழுத்துப் போடுவாள்? ‘சத்துக் குறைவு சார்’ என்று சொல்லிவிட்டு மலையேறிவிடுவாள். ஆராய வேண்டியதே அந்தப் பொய்யைத்தான். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அளவுகோல்களுக்குப் பஞ்சமில்லை. நோயாளியின் இயலாமையை அளக்கும் இ.டி.எஸ்.எஸ். 0 முதல் 10 வரை போகும். துணையின்றி சுமார் 500 மீட்டர் நடந்தால் 4, கோல் ஊன்றி 100 மீட்டர் என்றால் 6. முதுகில் கொழுந்துச் சுமையோடு சரிவில் இறங்குவதற்கு மதிப்பெண் கிடையாது. 2001இல் பிரிட்டனில் உருவான எம்.எஸ்.ஐ.எஸ்-29 என்ற வினாத்தாளில் 29 கேள்விகள், எல்லாம் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. வேலை நேரத்தைக் குறைக்க வேண்டிவந்ததா என்று கேட்கும்; கூலி எவ்வளவு போயிற்று என்று கேட்காது.

பணம் எப்படியும் நிதியாண்டு முடியும் நேரத்தில்தான் வரும். மார்ச்சுக்குள் செலவழித்தாக வேண்டும். முதலில் பாலக்காட்டுக்குப் போங்கள். அங்கே வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும் சமயம். உடம்பு சூடேறினால் எம்.எஸ். நோயாளிகளின் பார்வையும் பலமும் தற்காலிகமாகக் குன்றும். உடலுழைப்புக்குப் பின் பார்வை இப்படி மங்குவதை வில்ஹெல்ம் ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இலேயே எழுதிவைத்தார். மறுபடி ஜூன் மழையில் போய் அதே 29 கேள்விகளைக் கேளுங்கள். பலர் தேறியிருப்பார்கள். உங்கள் திட்டத்தால் தேறினார்கள் என்று எழுதிக்கொள்ளலாம்.

அறிக்கையில் பெயர்களை மறைத்துவிட்டேன் என்று பெருமைப்படுவீர்கள். வயது, தோட்டம், ஊர் மூன்றையும் மறைத்தீர்களா? முப்பது வயதில் கோல் ஊன்றி நடக்கிற பெண் ஒரு லயத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?