நம்பரை விடு, தாளைப் பிடி

420 செத்துப்போச்சுன்னு யாரு பேராண்டி உனக்குச் சொன்னது? வாட்ஸ்அப்பா? அது சாகலைலே. வீடு மாறியிருக்கு. இப்ப 318-ல குடியிருக்கு. ஊரை ஏமாத்துறவன் அதே தெருவுலதான் இருக்கான், அதே வெள்ளை வேட்டியிலதான் திரியுறான். கதவுல நம்பரை மாத்தினதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?

2024 ஜூலை 1-ந் தேதியில இருந்து நாட்டுக்குப் புதுச் சட்டம். மெக்காலே துரை காலத்துல எழுத ஆரம்பிச்சு, 1860-ல சட்டமாகி, 1862-ல நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தை மூட்டை கட்டி வச்சுட்டாக. அதுக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா. கூடப் பிறந்தது ரெண்டு. கைது, ஜாமீன், விசாரணைக்குப் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா. சாட்சியத்துக்குப் பாரதிய சாக்‌ஷிய அதிநியம். வாயில பல்லு இருந்த காலத்துல வந்திருந்தா நானும் சொல்லிப் பழகியிருப்பேன். இப்ப எனக்கு எங்க வருது? வக்கீல்மாருக்கே வரலை. சட்டத்தை இங்கிலீசுலதான் போடணும்னு அரசியல் சாசனம் சொல்லுது, பேரு மட்டும் எப்படி இந்தியில வந்துச்சுன்னு கேட்டு கோர்ட்டைப் புறக்கணிச்சாக. நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டு அரசும் தன் பங்குக்கு, என்ன திருத்தம் வேணும்னு பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருத்தர் தலைமையில குழு போட்டுச்சு. நம்ம நாட்டுல குழு போடாம எது நடந்துருக்கு?

சட்டம் வந்த அன்னைக்கு நடந்த கூத்து தெரியுமா? காலனி ஆட்சி மிச்சத்தைக் கழுவிட்டோம், தண்டனை போய் நியாயம் வந்துருச்சுன்னு டெல்லியில முழங்குறாக. அதே டெல்லியில, ரயில்வே ஸ்டேஷன் நடைமேம்பாலத்துக்குக் கீழ தண்ணி பாட்டிலும் புகையிலையும் வித்துக்கிட்டிருந்த ஒரு ஏழை வியாபாரி மேல, வழியை மறிச்சாருன்னு 285-ல வழக்கு. நூத்தி அறுபது வருசத்துச் சட்டத்தைப் புரட்டிப் போட்டு, முதல் நாள் யாரைப் பிடிச்சிருக்காக பாத்தியா? அப்புறம் வெக்கமாப் போச்சோ என்னமோ, அந்த வழக்கை மறுபரிசீலனை பண்ணித் தள்ளியாச்சு, முதல் வழக்கு குவாலியர்ல போன பைக் திருட்டுன்னு உள்துறை அமைச்சர் சொன்னாரு. பழைய சட்டத்துல இந்த வழி மறிக்கிற குத்தத்துக்கு அபராதம் 200 ரூபா வரைக்கும். புதுசுல 5,000 வரைக்கும். வெள்ளைக்காரன் சட்டத்துல இருந்து விடுதலை வாங்கினதுக்கு ரோட்டோரத்து வியாபாரி கட்டுற மொய் அது.

நீ என்னடான்னா டீக்கடையில உக்காந்து வாய்ப்பாடு ஒப்பிக்கிறே. 302 இப்ப 103. 307 இப்ப 109. 144 தடை இப்ப 163. ஏ மக்கா, நீ கொலை பண்ணப் போறியா? பண்ணாதவனுக்கு எதுக்கு இந்த மனப்பாடம்? அதுலயும் பாதிதான் உனக்குத் தெரியும். 2024 ஜூலைக்கு முன்னால நடந்த குத்தத்துக்கு இன்னும் பழைய சட்டம்தான். நம்ம ஊரு வழக்கு முடியிற வேகத்துக்கு, உன் பிள்ளை வக்கீலுக்குப் படிச்சு வந்தாலும் ரெண்டு புத்தகத்தையும் கக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் திரியணும்.

சரி, புதுசா நல்லது ஒண்ணுமே இல்லையான்னு கேப்பே. இருக்கு. எனக்குப் பிடிச்சது சமூக சேவை. 5,000 ரூபாய்க்குக் கீழ உள்ள பொருளை முதல் தடவையா ஒருத்தன் திருடுறான். பிடிபட்டு, பொருளையோ அதுக்கு உள்ள காசையோ திருப்பிக் குடுத்துட்டான்னா, ஜெயிலுக்குப் பதிலா சம்பளமில்லாம ஊருக்கு வேலை பார்க்கச் சொல்லலாம். அதாவது கோழி பிடிச்சவன் கண்மாய்க்கரையைக் கூட்டணும். ஆடு பிடிச்சவன் கம்பி எண்ணணும். ஆட்டு விலைதான் அஞ்சாயிரத்தை எப்பவோ தாண்டிருச்சே! குடிச்சுட்டுத் தெருவுல ரகளை பண்றவனுக்கும் சமூக சேவை குடுக்கலாமாம். இதை மட்டும் ஒழுங்கா அமல் பண்ணினா டாஸ்மாக் கடை இருக்கிற அத்தனை ஊர்லயும் வாய்க்கால் தூர் வாரி முடிச்சுரலாம்லே. அரசாங்கத்துக்கு ரெண்டு பக்கமும் லாபம்.

ஆனா இதுல ஒரு முள்ளு இருக்கு. 5,000 ரூபாய்க்குக் கீழ திருட்டுன்னா, மாஜிஸ்திரேட்டு உத்தரவு இல்லாம போலீஸ் வழக்கை விசாரிக்க முடியாதுன்னு வச்சிருக்காக. 4,500 ரூபா செல்போன் உனக்குச் சில்லறை. களை பறிக்கப் போற பொம்பளைக்கு அது எத்தனை நாள் கூலி? திருடன் எடுத்த பொருளோட விலையைச் சட்டம் பார்க்குது. தொலைச்சவ வயிறு அதுக்குத் தெரியலை. செயின் பறிப்புக்குன்னு தனிப் பிரிவு போட்டிருக்காக, 304. நல்லதாப் போச்சு, கடுமையா இருக்கும்னு பார்த்தா அதுக்கும் மூணு வருசம் வரைக்கும், சாதாரணத் திருட்டுக்கும் மூணு வருசம் வரைக்கும். பேரு வைக்கத்தான் தனியா ஒரு விழா.

தேசத்துரோகப் பிரிவை எடுத்துட்டோம்னு மேடையில சொன்னாகளே, கேட்டியா? அந்த 124ஏ-வை 2022-லயே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வச்சிருச்சு. புதுசுல அந்தப் பேரு இல்லைதான். ஆனா 152-ன்னு ஒண்ணு இருக்கு, நாட்டோட இறையாண்மைக்கு ஆபத்துன்னா ஆயுள் தண்டனை, இல்லைன்னா ஏழு வருசம் வரைக்கும். பழசுல ஆயுள், இல்லைன்னா மூணு வருசம். எடுத்தது எது, வச்சது எதுன்னு நீயே கணக்குப் போட்டுக்கோ. வண்டி ஏத்திட்டு நிக்காம ஓடினா பத்து வருசம்னு 106-ல ஒரு உட்பிரிவு எழுதினாக. 2024 ஜனவரியில வடக்க லாரிக்காரக வண்டியை நிறுத்தினதும் பெட்ரோல் பங்க்குல கூட்டம் அலைமோதுச்சு. சட்டம் வந்த நாள்ல அந்த ஒரு உட்பிரிவை மட்டும் ஓரமா வச்சுட்டுத்தான் மத்ததை அமல்படுத்தினாக. லாரி நின்னா சட்டமும் நிக்கும். உன் டிவிஎஸ் ஃபிஃப்டி நின்னா யாரு திரும்பிப் பார்க்கப் போறா?

டிவிஎஸ்ஸுன்னதும்தான் நெனப்பு வருது. உன் பைக் காணாமப் போச்சே, ஸ்டேஷன்ல புகார் குடுத்தியே, என்ன தாள் குடுத்தாக? எடு பார்ப்போம். ம்... நெனச்சேன். இது சி.எஸ்.ஆர். மனு ரசீதுலே. உன் மனு வந்து சேந்துச்சுன்னு அர்த்தம். வழக்குப் பதிவாயிருச்சுன்னு அர்த்தம் இல்லை. அதை மடிச்சுப் பத்திரமாப் பர்ஸுல வேற வச்சிருக்கே! இதைக் காட்டினா இன்சூரன்ஸ்காரன் பணம் குடுப்பானா? எஃப்ஐஆர் எங்கம்பான்.

இந்த இடத்துல காதைக் குடு. பைக் திருட்டு மாதிரி போலீஸ் நேரா நடவடிக்கை எடுக்கக்கூடிய குத்தம்னு புகாரைப் பார்த்தாலே தெரிஞ்சா, எஃப்ஐஆர் போட்டே ஆகணும். 2013-ல லலிதா குமாரி வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. புதுச் சட்டத்துல இது 173-வது பிரிவு. ஆன்லைன்ல அனுப்பலாம், மூணு நாளைக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும். எந்த ஸ்டேஷன்லயும் குடுக்கலாம். சாத்தூர்ல நகைப் பையைத் தொலைச்சவன் மதுரையில இறங்கிக் குடுத்தாலும் வாங்கணும். "எங்க எல்லை இல்லைப்பா"ன்னு ஏட்டையா சொல்லக்கூடாது. எஃப்ஐஆர் நகல் இலவசம். பேப்பர் வாங்க, டீ வாங்க, ஜெராக்ஸ் போடன்னு காசு கேட்டா, இலவசம்னு பிரிவுலயே எழுதியிருக்குன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லு. முறைச்சுக்கிட்டுச் சொல்லாதே. சட்டம் பேசுறவன் கொஞ்சம் பணிவாப் பேசினா வேலை சீக்கிரம் நடக்கும். போடமாட்டேன்னா எஸ்.பி.க்கு எழுத்துல அனுப்பு. அங்கயும் நடக்கலையா, மாஜிஸ்திரேட்டுகிட்ட போ. மூணு வருசத்துல இருந்து ஏழு வருசத்துக்குள்ள தண்டனை உள்ள சில புகார்ல மட்டும், டிஎஸ்பி அனுமதியோட 14 நாள் முதல்கட்ட விசாரணை பண்ணலாம்னு புதுசா ஒரு சந்து விட்டிருக்காக. "விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்"ன்னு யாரும் சொன்னா எத்தனாவது நாள்னு கேளு.

கைதுன்னு வந்தாலும் தாளுதான் பேசும். ஏழு வருசம் வரைக்கும் தண்டனை உள்ள குத்தத்துக்கு எடுத்த எடுப்புல தூக்கிட்டுப் போகக்கூடாது, நோட்டீஸ் குடுக்கணும்னு 2014-ல அர்னேஷ் குமார் வழக்குல தீர்ப்பு. பிடிச்சா என்ன காரணம்னு சொல்லணும். வீட்டுக்குத் தகவல் போகணும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட்டு முன்னால நிறுத்தணும். இது ஒண்ணும் புதுசு இல்லை, அரசியல் சாசனத்துலயே இருக்கு. ஆனா ஒண்ணு மாறியிருக்கு. போலீஸ் காவல்ல வச்சு விசாரிக்கிற 15 நாளை முன்னெல்லாம் முதல் 15 நாளைக்குள்ளயே எடுத்துரணும். இப்ப 40 நாளோ 60 நாளோ, குத்தத்தைப் பொறுத்து, பிச்சுப் பிச்சு எடுத்துக்கலாம். ஜெயிலுக்குப் போயிட்டோம், இனி அடி இல்லைன்னு மூச்சு விட முடியாது.

அடின்னா சும்மாவா? நம்ம தமிழ்நாட்டு ஸ்டேஷன் பாத்ரூம் உலகப் புகழ் பெத்தது. உள்ள போனவன் வழுக்கி விழுந்து கையில மாவுக்கட்டோட போட்டோவுக்கு நிப்பான். எத்தனை சட்டம் மாறினாலும் அந்தத் தரையோட வழுக்கல் மட்டும் மாறலை. இதைச் சொல்லிச் சிரிக்கிற கூட்டத்துல நீயும் இருக்கே. எனக்கு இந்த ஒரு இடத்துல சிரிப்பு வரமாட்டேங்குது பேராண்டி. 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல ஊரடங்கு நேரத்துல செல்போன் கடையைத் திறந்து வச்சாகன்னு அப்பனையும் மகனையும் கொண்டுபோனாக. ரிமாண்ட் ஆகி கோவில்பட்டி கிளைச் சிறைக்கு வந்தாக. கொஞ்ச நாள்ல ரெண்டு பேரும் இல்லை. ஹைகோர்ட்டு சொல்லி மாஜிஸ்திரேட்டு ஸ்டேஷனுக்குப் போய்க் கேமராவைப் பார்த்தா, இடம் தாராளமா இருந்தும் பதிவெல்லாம் தினம் தானா அழியிற மாதிரி வச்சிருந்தாக. அஞ்சு வருசம் கழிச்சு 2025-ல, நகை காணோம்னு ஒரு புகார்ல விசாரிக்கக் கூட்டிட்டுப் போன மடப்புரம் கோயில் காவலாளி உசுரோட திரும்பலை. அப்ப புதுச் சட்டத்துக்கு வயசு ஒண்ணு ஆகப்போகுது. அதனால சொல்றேன், யாரையும் ரிமாண்டுக்குக் கொண்டுபோனா, "அடிச்சாகளா?"ன்னு மாஜிஸ்திரேட்டு கேக்கிற இடம் ஒண்ணு வரும். அங்க வாயைத் திறக்கணும். டீக்கடையில திறக்கிற வாய்க்கு வேலை அங்கதான்.

இதெல்லாம் போதாதுன்னு இப்ப டிஜிட்டல் கைதுன்னு ஒண்ணு கிளம்பியிருக்கு. வீடியோ கால்ல காக்கிச் சட்டை போட்டு ஒருத்தன் வருவான். உன் பேருல பார்சல்ல போதைப்பொருள் வந்திருக்கு, போனை வைக்காதே, கேமராவை விட்டு நகராதே, வெளிய யார்கிட்டயும் சொல்லாதேம்பான். கையெழுத்துப் போடத் தெரியாதவன் மாட்டுறதில்லை. பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவுக, படிச்சவுக, வெளிநாடு போய் வந்தவுகதான் அறையைப் பூட்டிக்கிட்டு நாள் கணக்கா உக்காந்து பணத்தை அனுப்புறாக! நடைமுறைச் சட்டத்துல 531 பிரிவு இருக்கு. செல்போனுக்குள்ள வச்சுக் கைது பண்ணலாம்னு ஒண்ணுலயும் இல்லை. ஆஜராகச் சொல்ற போலீஸ் நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்புல அனுப்பக்கூடாதுன்னு 2025 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. நம்ம ஊர்ல கைது பண்ண வாரவுக ஜீப்புல வருவாக, வாசல்ல நாய் குலைக்கும். நாய் குலைக்காத கைதை நம்பாதே. பணம் போயிருச்சா, அழுதுக்கிட்டு உக்காராம உடனே 1930-க்கு அடி.

எனக்கென்ன, 60 தாண்டின ஆளு. சாட்சின்னு விசாரிக்கணும்னா என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, நான் இருக்கிற திண்ணைக்குத்தான் வரணும். முன்னால 65-ன்னு இருந்துச்சு, அஞ்சு வருசம் குறைச்சுக் குடுத்திருக்காக. மூணு வருசத்துக்குக் கீழ தண்டனை உள்ள குத்தம்னா என்னைக் கைது பண்ண டிஎஸ்பி அனுமதி வேணுமாம். பெருமையா உன் அப்பத்தாகிட்ட சொன்னேன். "அந்தத் தைரியத்துல அடுத்தவக தோப்புத் தேங்காயில கை வச்சிராதீக"ன்னுட்டா.

உனக்கு அந்தச் சலுகை இல்லை. எந்திரி. சட்டையை மாட்டு. அந்த மனு ரசீதையும் ஆர்சி புத்தகத்தையும் எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போய் எஃப்ஐஆர் நகலைக் கேளு. குடுக்கலைன்னா திரும்பி வா, எஸ்.பி. ஆபீஸுக்கு ரெண்டு பேருமா உக்காந்து மனு எழுதுவோம். போறப்ப அந்த செல்போனை வீட்டுல வச்சுட்டுப் போ.