ஒரு முகம், நாற்பது ரேசர்

அமெரிக்காவில் வீட்டுப் பெரியவர் காலமாகிவிட்டால், அவருடைய தட்டுமுட்டுச் சாமான்களை வீட்டிலேயே விலை ஒட்டி விற்றுத் தீர்ப்பது வழக்கம். எஸ்டேட் சேல் என்று பெயர். வருகிறவர்களில் பாதிப் பேர் கூடத்து நாற்காலிகளைத் தட்டிப் பார்ப்பார்கள். மீதிப் பேர் சமையலறையில் பீங்கான் தட்டுகளைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் படியேறியதுமே, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்பார். பாவம், அவசரம் போலிருக்கிறது என்று வழிகாட்டுவார்கள். உள்ளே போனவர் சீக்கிரம் வரமாட்டார். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் மருந்து அலமாரி இருக்கும். அதன் மேல்தட்டை விரலால் துழாவிக்கொண்டிருப்பார்.

இவர்தான் பழைய ரேசர் வேட்டைக்காரர். கணக்காளராக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக இருக்கலாம், ஓய்வுபெற்ற தபால்காரராகவும் இருக்கலாம். எஸ்டேட் சேல் அகப்படாத சனிக்கிழமைகளில் குட்வில், சால்வேஷன் ஆர்மி போன்ற பழம்பொருள் கடைகளில் இவரைப் பார்க்கலாம். சட்டைப்பையில் நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பூதக்கண்ணாடி. சாவிக்கொத்தில் ஒரு குட்டிக் காந்தம். நல்ல ரேசரின் உடம்பு பித்தளை, பித்தளையில் காந்தம் ஒட்டாது என்பது அவர் பாடம்.

அவரிடம் பேச்சுக் கொடுத்தால் பாஸ்டன் கதையில் தொடங்குவார். கிங் கேம்ப் ஜில்லெட் 1901-இல் கம்பெனி தொடங்கியது பாஸ்டனில். மறு ஆண்டு அதே பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் வசதியானவர்கள் வீடுகளில் வேண்டாத சாமான்களைக் கேட்டு வாங்கி, ஏழைகளைக் கொண்டு செப்பனிட்டு விற்க ஏற்பாடு செய்தார், அதுவே குட்வில். முதலாமவர் தூக்கி எறிவதற்கென்றே பிளேடு செய்து விற்றார். இரண்டாமவர் தூக்கி எறிந்ததைச் சேர்த்து விற்றார். இந்த இருவருக்கும் பொதுவான வாடிக்கையாளர் தான் ஒருவர்தான் என்று வேட்டைக்காரருக்கு ஒரு பெருமை.

ஜில்லெட் 1903-இல் விற்பனையை ஆரம்பித்தபோது, அந்த ஆண்டு முழுவதும் போனவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான். அந்த 51-இல் ஒன்று எங்கோ ஒரு செருப்புப் பெட்டிக்குள் தனக்காகக் காத்திருக்கிறது என்று இவர் நம்புகிறார். மனைவி நம்பவில்லை.

கடைக்குள் நுழைந்ததும் அவர் நேராக ரேசரிடம் போவதில்லை. அது கற்றுக்குட்டிகள் செய்கிற வேலை. முதலில் ஒரு பூச்சாடியை எடுத்துப் பார்ப்பார். பிறகு ஒரு கோல்ஃப் மட்டை. அப்புறம்தான், ஏதோ கால்போன போக்கில் வந்தவர்போல, கண்ணாடி அலமாரியை நெருங்குவார். அங்கே ஒரு பிளாஸ்டிக் பையில் கைக்கடிகாரம், சட்டைக்கைப் பித்தான், பேனாக்கத்தி எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு விலை ஒட்டியிருப்பார்கள். நடுவில் ஒரு கைப்பிடி தெரியும். பணிப்பெண் பூட்டைத் திறந்து பையை எடுத்துக் கொடுக்கும்வரை அவர் முகத்தில் ஈ ஆடாது. "இந்தக் கைக்கடிகாரம் ஓடுமா அம்மா?" என்று கேட்பார். கைக்கடிகாரம் அவருக்கு எதற்கு? அவர் கட்டைவிரல் பைக்கு வெளியிலிருந்தே ரேசரின் அடித்திருகைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும். திருகினால் மேலே இரண்டு கதவுகள் விரிய வேண்டும். விரிந்தால் உள்ளே ஐம்பது வருஷத்துச் சோப்பும், சில நேரம் துருப்பிடித்த பிளேடு ஒன்றும் இருக்கும். ரேசரைப் போட்ட புண்ணியவானுக்கும் தெரியாது, விலை ஒட்டிய பெண்ணுக்கும் தெரியாது.

பிறகு ஜாதகம் கணிப்பார். 1950-களின் தொடக்கத்திலிருந்து ஜில்லெட் ரேசர்களின் தலைக்கு அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருப்பார்கள். எழுத்து ஆண்டைச் சொல்லும். எண் அந்த ஆண்டின் எந்தக் காலாண்டு என்று சொல்லும். 'ஏ' என்றால் 1955. 'இ' போட்டுப் பக்கத்தில் நான்கு என்றிருந்தால் 1959-இன் கடைசி மூன்று மாதங்களில் பிறந்தது. அதற்கு முந்தைய பழசுகளில் வரிசை எண் இருக்கும். இடையில் வந்த சிலவற்றுக்கு இரண்டுமே இல்லை. 1947-இல் வந்த சூப்பர் ஸ்பீடு அப்படிப்பட்டது. எழுத்தும் இல்லாமல் எண்ணும் இல்லாமல் வந்து நிற்கும் அந்த ரேசரை அவர் பூதக்கண்ணாடியில் பார்க்கிற நேரத்தில் கடையில் மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பிவிடலாம்.

அவருடைய ரத்த அழுத்தத்தை ஏற்ற ஒரு வழி உண்டு. பழைய ஜில்லெட் ரேசர்களிலும் பிளேடு உறைகளிலும் '1904 நவம்பர் 15' என்று போட்டிருக்கும். ஜில்லெட்டுக்குக் காப்புரிமை கிடைத்த தேதி அது. ஆனால் புராதனப் பொருள் கடைக்காரர்களில் பலர் அதை ரேசர் பிறந்த தேதியாகவே எடுத்துக்கொண்டு, '1904-ஆம் வருஷத்து ஒரிஜினல்' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டு, விலையையும் அதற்கேற்ப ஏற்றிவிடுகிறார்கள். நம் ஆளால் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாது. வாங்கப் போவதில்லை என்றாலும் திருத்தியே ஆக வேண்டும். அந்தத் தேதியை வருஷக்கணக்கில் எத்தனையோ ரேசர்களில் குத்தினார்கள் என்பார். 1921-இல் காப்புரிமை முடியப்போகிறது என்றதும் ஜில்லெட் புது மாதிரியைக் கொண்டுவந்து, ஐந்து டாலருக்கு விற்ற பழைய மாதிரியை ஒரு டாலருக்கு இறக்கியது என்பார். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு மட்டும் 35 லட்சம் ரேசரும் 3 கோடியே 20 லட்சம் பிளேடும் போனதையும், அதனால் இது ஒன்றும் கிடைத்தற்கரிய பொருளல்ல என்பதையும் எடுத்துரைப்பார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். விலையைக் குறைக்கமாட்டார்.

அவர் கனவில் வருவது ஃபேட்பாய். தடித்த கழுத்துள்ள ரேசர். சேகரிப்பவர்கள் செல்லமாக வைத்த பெயர். கம்பெனி வைத்த பெயர் வெறும் 195 அட்ஜஸ்டபிள். ஒரு டாலர் 95 சென்ட்டுக்கு விற்றதால் அந்த எண். 1958 முதல் 1961 வரை சந்தைக்கு வந்தது. கழுத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள் சுற்றும். ஒன்றில் வைத்தால் பிளேடு இருப்பதே தெரியாமல் இழையும். ஒன்பதில் வைத்துத் துணிந்தவர்கள் தாடையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போவார்கள். இவருக்கு மூன்றுதான் சரிவரும். ஆனாலும் ஒன்பதுவரை சுற்றுகிறதா என்று பார்க்காமல் வாங்கமாட்டார். அடித்திருகைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டுதான் எண்ணை மாற்ற வேண்டும். தெரியாதவர்கள் இறுக்கத்தோடு திருப்பிக் கெடுத்துவிடுகிறார்கள் என்று வருத்தப்படுவார்.

ஜில்லெட்டே உலகம் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஒற்றை முனை பிளேடு போடும் ஜெம் மைக்ரோமேட்டிக்கைப் பெரும்பாலான கடைகளில் சமையல் சாமான்களோடு போட்டிருப்பார்கள். ராணுவத்திலிருந்து வந்த ஜேக்கப் ஷிக்கின் இன்ஜெக்டரில் பிளேடைக் கையால் தொடவே வேண்டாம், பக்கவாட்டில் தள்ளினால் பழையது வெளியே விழும், புதியது உட்காரும். இங்கிலாந்து ரோல்ஸ் ரேசர் ஒரு தகரப் பெட்டி. ஒரு மூடியில் சாணைக்கல், மறு மூடியில் தோல்வார், நடுவில் பிளேடை முன்னும் பின்னும் இழுத்துத் தீட்டினால் தெருவே எழுந்துவிடும். இவர் இதை வேண்டாம் என்று சொல்லியே வாங்கி வாங்கி நான்கு வைத்திருக்கிறார்.

வீடு திரும்பியதும் சமையலறைத் தொட்டியில் அபிஷேகம். வெந்நீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, தேய்ந்த டூத்பிரஷ். தங்க முலாம் பூசியதை மட்டும் பாலிஷ் போட்டுத் தேய்க்கமாட்டார். முலாம் மெலிசு, நாலு தேய்ப்பில் பித்தளை பல்லைக் காட்டிவிடும். 1934-இல் வந்த அரிஸ்டோக்ராட் ஒன்றை யாரோ பளபளக்கத் தேய்த்து விற்பனைக்கு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

எல்லாம் சரி, பிளேடு? இங்கேதான் நமக்குச் சிரிப்பு வரும். அமெரிக்கர்கள் 1971-இல் இரட்டை பிளேடு டிராக் டூ வந்ததும் பழைய செட்டைப் பரணில் போட்டுவிட்டு, படிப்படியாக ஐந்து பிளேடுவரை போய்விட்டார்கள். நம் ஊரில் இருபுறம் கூரான பிளேடு இன்றுவரை பெட்டிக்கடையை விட்டுப் போகவில்லை. சலூன்காரர் அதைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் செருகுவதைப் பார்க்காத ஆள் இல்லை. ஆகவே ஒஹாயோவில் இருக்கும் அவர், இந்தியாவில் தயாராகும் செவன் ஓ கிளாக்கைத் தபாலில் வரவழைத்து, ஏதோ கீழ்த்திசைப் பொக்கிஷம் வந்ததுபோல உறை பிரிக்கிறார். மதுரையில் ஒரு தாத்தா அதே பிளேடில் பென்சில் சீவிக்கொண்டிருப்பார்.

பழைய பிளேடைப் போடுவதற்கு அந்தக் காலத்து அமெரிக்க வீடுகளில் அற்புதமான ஏற்பாடு ஒன்று இருந்தது. மருந்து அலமாரியின் பின்பக்கத்தில் ஒரு கீறல் துளை. அதில் போட்டால் பிளேடு சுவருக்குள் விழும். சுவர் நிறைந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. வீட்டை இடித்துப் புதுப்பிக்கும் கொத்தனார்கள் இப்போது துருப்பிடித்த பிளேடு குவியலைக் கண்டு திட்டுகிறார்கள். நம் ஆள் கேள்விப்பட்டால் ஓடிப்போய், எந்தக் கம்பெனி பிளேடு என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்.

இப்போதெல்லாம் வேட்டை முன்போல் இல்லை என்பது அவர் குறை. கடைக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள், நல்லதை எல்லாம் இணைய ஏலத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று அலுத்துக்கொள்வார். விழிக்க வைத்தது யார்? பத்து வருஷமாகக் கல்லாவில் நிற்கிற ஒவ்வொரு பையனிடமும் எழுத்தையும் எண்ணையும் விளக்கிய மகான் யார்? அதை அவரிடம் கேட்க நமக்கு மனசு வராது.

போன வாரம்கூட அப்படித்தான். கண்ணாடி அலமாரிக்குள் ஒரு ஃபேட்பாய், எட்டு டாலர். அவர் வழக்கம்போலப் பூச்சாடியை எடுத்தார். அலமாரியின் மறுபக்கத்தில் இன்னொருவர் கோல்ஃப் மட்டையை எடுத்தார். அவர் சாவிக்கொத்திலும் காந்தம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டு, யார் முதலில் ஆசையைக் காட்டுவது என்று நின்ற இடைவெளியில், ஒரு பாட்டியம்மா பணிப்பெண்ணைக் கூப்பிட்டு அந்த ரேசரை வாங்கிவிட்டார்.

"தாத்தா உபயோகத்துக்கா அம்மா?" என்று நம் ஆள் மென்று விழுங்கிக் கேட்டார்.

"இல்லையப்பா. ஸ்வெட்டரில் நூல்பிசிறு உருண்டை உருண்டையாக நிற்கிறது. வழித்துவிட வேண்டும்."

கோல்ஃப் மட்டைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நம் ஆள் ஒரு கணம் தயங்கினார். பிறகு பூச்சாடியைக் கீழே வைத்துவிட்டு அருகில் போனார். "கம்பளி என்றால் ஒன்றிலேயே வையுங்கள் அம்மா. எண்ணை மாற்றும் முன்னால் இந்த அடித்திருகை அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். அப்படியே இதைத் திருப்புங்கள், அடியில் ஓர் எழுத்து தெரிகிறதா?"