கைக்கு நுழையாத வளை

பப்புவா நியூ கினிக்குக் கிழக்கே சிதறிக் கிடக்கும் தீவுகள். அங்கே ஆண்கள் மெனக்கெட்டுப் படகு கட்டி, உயிரைப் பணயம் வைத்துக் கடல் தாண்டிப் போவார்கள். தங்கம் தேடியா? மிளகு தேடியா? சிப்பி மாலையும் சங்கு வளையும் வாங்கிவர! வாங்கியதைப் பூட்டி வைத்து அழகு பார்க்கவும் முடியாது. ஓரிரு வருடத்தில் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 'மகா கஞ்சன்' என்று தீவு தீவாக மானம் போகும்!

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் குலா. சிவப்புச் சிப்பி மாலைகள் கடிகார திசையில் தீவுகளைச் சுற்றும். வெள்ளைச் சங்கு வளைகள் எதிர்த்திசையில். மாலைக்கு வளை, வளைக்கு மாலை. போகட்டும், கையில் மாட்டி அழகு பார்க்கலாமே என்கிறீர்களா? முக்கால்வாசி வளைகள் சின்னப் பையன் கைக்குக்கூட நுழையாது!

பிறகு எதற்காம்? 'முன்பு இன்னாரிடம் இருந்தது, இப்போது என்னிடம்' என்று சொல்லிக்கொள்ளத்தான். பேர்போன நகைக்குத் தனிப் பெயர், தனி வரலாறு எல்லாம் உண்டு. அதைக் கறக்கப் போகிறவர்கள் சும்மா போய் இறங்குவார்களா? வழியில் ஒரு மேக்கப் ஸ்டாப். குளித்து, தேங்காய் எண்ணெய் பூசி, முகத்தில் சாயம் தீட்டி, கூடவே மந்திரமும். பார்த்தவுடன் அடுத்த தீவுக் குலா பார்ட்னர் சொக்கிப்போய் நகையை நீட்ட வேண்டுமாம்!

நீட்டுவாரா? மாட்டார். வேண்டாவெறுப்பாகத் தூக்கிப் போடுவார். 'ஏதோ மிச்சம் மீதி' என்று மன்னிப்பும் கேட்பார். நூறு பவுன் போட்டுவிட்டு 'ஏதோ எங்களால முடிஞ்சது' என்று கையைப் பிசையும் பெண்ணின் அப்பா ஞாபகத்துக்கு வருகிறாரா? வாங்குபவரோ அதை ஏறெடுத்தும் பார்க்காத மாதிரி ஒரு பாவனை. உள்ளுக்குள் இரண்டு பேருக்கும் ஜொள்ளு!

இதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தவர் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி. போலந்துக்காரர், ஆனால் ஆஸ்திரியப் பிரஜை. 1914-ல் ஆஸ்திரேலியாவில் வந்து இறங்குகிறார், உலகப் போர் வெடிக்கிறது. மனுஷன் ஒரே நாளில் 'எதிரி'! ஆனாலும் ஆஸ்திரேலிய அரசாங்கம் அவரை உள்ளே தள்ளாமல் ஆராய்ச்சிக்கு அனுப்பிவைத்தது. ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் கூடாரம் அடித்தார், 1922-ல் புத்தகம் போட்டார்.

அதில் நேர்மையாக ஒரு விஷயம் சொல்கிறார். எடின்பரோ கோட்டையில் ராஜ குடும்பத்து நகைகளைப் பார்த்தாராம். கனம், அவலட்சணம், யாருக்கும் உபயோகமில்லை. ஆனால் எந்த ராஜா போட்டது என்று கதை கதையாய்ச் சொன்னார்களாம். குலாவும் அதேதான் என்று அவருக்குப் பொறி தட்டியது. இங்கே கிரீடம், அங்கே சிப்பி, விளையாட்டு மைதானத்தில் சுழல் கோப்பை. சாமான்தான் வேறு, பீற்றல் ஒன்றே!

நம் மாலினோவ்ஸ்கி மட்டும் விதிவிலக்கா? அவருடைய அந்தரங்க டைரி, அவர் இறந்தபின் 1967-ல் வெளியானது. தீவு மக்கள்மேல் எரிச்சல், உடம்புக்கு ஆகவில்லை என்ற புலம்பல், வேலையைப் போட்டுவிட்டு நாவல் படித்த குற்றவுணர்ச்சி... எல்லாம் இருக்கிறது. நடுவே ஒரு பரவசம்: இவர்களை எழுத்தில் படைக்கப் போவது நான்தான், ஆகவே தீவே எனக்குச் சொந்தம் என்கிற மாதிரி!

தீவுக்காரர்களாவது வளையை அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். இவர் தீவையே புத்தகத்துக்குள் போட்டு, அட்டையில் தன் பேரையும் போட்டுக்கொண்டார்!