தருமி முதல் கிராக் வரை

மதுரைக்கு லினக்ஸ்தான் புதுசு; அதன் கொள்கை பழசு. கூந்தலுக்கு மணம் இயற்கையா, செயற்கையா என்று சண்பக பாண்டியனுக்குச் சந்தேகம் வந்ததும், ஆயிரம் பொன் பரிசு அறிவித்ததும் நாகேஷ் புண்ணியத்தில் ஊருக்கே மனப்பாடம். சொக்கநாதர் பாட்டை எழுதி ஓலையை ஏழைப் புலவர் தருமியிடம் நீட்டினார். உரிமக் கட்டணம் கேட்கவில்லை. ‘ஒரு ஓலை, ஒரு புலவர், ஒரு வருடம்’ என்று நிபந்தனையும் போடவில்லை.

சபையில் நக்கீரர் பிழை கண்டார். தருமி விநியோகஸ்தர்தானே, என்ன பதில் சொல்வார்? எழுதியவரிடமே ஓடினார். எழுதியவர் நேரில் வந்து மூன்றாவது கண்ணைத் திறந்தார். நக்கீரர் வெந்து பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். பிழையறிக்கையை மட்டும் வாபஸ் வாங்கவில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் சுமாரான நிரல் அனுப்பியவர்களைப் பல வருடம் இப்படித்தான் எரித்துக்கொண்டிருந்தார். 2018இல் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். சொக்கநாதர் அந்த அளவுக்கு இறங்கி வரவில்லை.

மூடி வைத்த சரக்கை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் முதல் சாட்சி இந்த ஊர்தான். கோவலன் சிலம்பு விற்க வந்தான். ‘ராணியம்மா சிலம்பேதான் மன்னா, நான் கியாரண்டி’ என்றான் அரண்மனைப் பொற்கொல்லன். உள்ளே என்ன பரல் என்று பார்க்காமலேயே நெடுஞ்செழியன் ‘சம்மதம்’ பொத்தானை அழுத்திவிட்டான். நிபந்தனைகளை முழுதாகப் படிக்காமல் அதை அழுத்திய முதல் ஆள் அவனாகத்தான் இருக்க வேண்டும். கோவலன் உயிர் போன பிறகு அவன் மனைவி கண்ணகி வந்து உடைத்துக் காட்டினாள்: ராணி சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். அப்புறம் தீயணைப்பு வண்டிக்கே வேலை இல்லாத அளவுக்கு எல்லாம் முடிந்துபோனது.

இவ்வளவு பட்ட ஊர், திறந்து பார்க்க முடிகிற மென்பொருளைத் தாம்பூலம் வைத்தல்லவா அழைத்திருக்க வேண்டும்? 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி மாணவர் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவான கெர்னலை எழுதிப் பொதுவில் வைத்தார். திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம் என்றார்கள். மதுரை ஒரே ஒரு கேள்வி கேட்டது: “அப்ப விண்டோஸுக்கு மட்டும் என்ன காசா கொடுக்கிறோம்?”

லினக்ஸ் தோற்ற இடம் இதுதான். உலகமெல்லாம் ‘நான் ஓசி’ என்று சொல்லி உள்ளே நுழைந்த லினக்ஸ், ஏற்கெனவே எல்லாமே ஓசியாக ஓடிக்கொண்டிருந்த ஊரில் என்ன சொல்லி நுழையும்? கணினி வாங்கினால் விண்டோஸ், போட்டோஷாப், கோரல் டிரா, டேலி எல்லாம் கறிவேப்பிலை மாதிரி கொசுறாக வந்தன. கோரல் டிரா இல்லாமல் காதணி விழாவுக்கு பிளெக்ஸ் அடிக்க முடியாது. பிளெக்ஸ் இல்லாமல் மதுரையில் காது குத்தினால் ஓட்டை தூர்ந்துவிடும்.

அரசாங்கமும் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தது. தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநராக இருந்தபோது உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாற்றிக் காட்டினார். 2007இல் மத்திய அரசின் சி-டாக், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து ‘பாஸ்’ லினக்ஸைக் கொண்டுவந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் ஒரே பெட்டியில் குடித்தனம் வைக்கப்பட்டன. மாணவர்கள் பாஸைப் பார்த்தார்கள். பிறகு அது அடைத்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தார்கள். இரண்டு வாரம் முன்புதான் ‘மங்காத்தா’ வெளியாகியிருந்தது. பாஸ் வீட்டைக் காலி செய்தது, அஜித் குடியேறினார்.

பாவம், விண்டோஸும் ஒன்றும் தாராளப் பிரபு இல்லை. அன்றைக்குச் சின்ன மடிக்கணினிகளுக்கென்றே விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்று ஒரு பதிப்பு விற்றார்கள். அதில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. கொடுத்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சாமி படம் மாட்டக்கூட அனுமதிக்காத இயங்குதளத்தை மீனாட்சி பட்டணத்துக்காரன் சும்மா விடுவானா? டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் போய் ‘அல்டிமேட்’ ஏற்றிக்கொண்டு வந்தான். உரிமம் கம்பெனியோடது, சாவி நம்மளோடது.

2014 ஏப்ரல் 8 அன்று மைக்ரோசாப்ட் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவை நிறுத்தியது. அதையொட்டித் துறைகள் பாஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு யோசனை சொன்னது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10இன் முறை வந்தது. நல்லாயிருந்த பல பெட்டிகள், உள்ளே டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத குற்றத்துக்காக, விண்டோஸ் 11 வாசலிலேயே நிறுத்தப்பட்டன. கிராக் போட்டு உரிமம் இல்லாமலே ஓட்டிப் பழகியவர் இதற்காக யார் வாசலில் போய் மணியடிப்பது? பில் கேட்டால் எதைக் காட்டுவது?

அப்படி நிற்கிற அண்ணாச்சி ஒருவருடைய பழைய பெட்டியில் லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று மதுரை தெரிந்தவர்கள் யாரும் ஊகிக்கலாம். பெட்டி சல்லென்று ஓடும். பின்னணிப் படம் மாற்றலாம், வைரஸ் பயம் குறைவு, பைசா செலவில்லை. அண்ணாச்சி எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முகத்தில் மட்டும் சந்தேகம் தீராது. கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்:

“எல்லாம் சரி தம்பி... கிராக் ஒழுங்கா போட்டுட்டீகள்ல?”